புத்திமதி சொல்ல நான் படிக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை விழாவில் பிரதம விருந்தினர் உளவியல் படிப்பைப் பற்றிப் பேசின துண்டு இப்போது எல்லாருடைய போனிலும் இருக்கிறது. எனக்கே பதினொரு பேர் அனுப்பியிருக்கிறீர்கள், சிரிப்பு முகம் போட்டு. "புத்திமதி சொல்லவும் ஒரு டிகிரியோ? எங்கட அம்மம்மா சொல்லாததையே இந்தப் பிள்ளையள் சொல்லப்போகுதுகள்?" மண்டபம் கைதட்டியது. பட்டம் முடித்த பிள்ளைகளைப் பாராட்டும் விழா என்றுதான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். ஐயா, உளவியல் படித்தவளின் வேலை புத்திமதி சொல்வது இல்லை. கேட்பது. கேட்கப் பழகுவதற்குத்தான் இத்தனை வருடம்.

2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது நான் இரண்டாம் வருடம். சில நாட்களுக்குப் பிறகு எங்கள் மிஸ் என்னையும் இன்னொரு பிள்ளையையும் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. த்ரீவீலுக்குள் வைத்தே சொல்லிவிட்டா: "ஒன்றையும் தோண்டிக் கேக்காதேங்கோ. சொன்னால் கேளுங்கோ. சொல்லாட்டி பக்கத்தில இருங்கோ." உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலின் சாரமும் அதுதான்: பார், கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணை. நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே.

அந்த வீட்டில் ஒரு தாய் நிலத்தைப் பார்த்தபடி இருந்தா. வருகிறவர்கள் எல்லாரும் "மற்றப் பிள்ளைக்காக நீங்கள் தைரியமா இருக்க வேணும்" என்றார்கள். நானும் "கவலைப்படாதேங்கோ" என்று வாயெடுத்தேன். மிஸ் என் முழங்காலில் கை வைத்தா. அவ்வளவுதான், நிறுத்தினேன். மிஸ் பாயில் அவவுக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்தா. நெடுநேரம். கடைசியில் அந்தத் தாயே, "நெஞ்சுக்குள்ள கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்று தொடங்கினா. அந்த முழங்காலில் வைத்த கைதான் என் படிப்பு.

புத்தகம் முழுக்க இங்கிலீஷ். டிப்ரெஷன் என்ற சொல்லை நான் போன எந்த வீட்டிலும் ஒருவரும் சொன்னதில்லை. "யோசினையாக் கிடக்கு" என்பார்கள், ஒரு பெருமூச்சு விடுவார்கள். எந்த யோசினைக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், எதை உடனே டொக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரித்தறியப் பயிற்சி வேண்டாமா?

"அந்தக் காலத்தில இதெல்லாம் இல்லாமலே சனம் நல்லா இருந்ததே" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. பிறகு அது குறைந்ததில் பெரிய பங்கு கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்ததற்கு. புத்திமதிக்கு அல்ல.

"காசுள்ள பிள்ளைகளின் படிப்பு" என்று சிலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. தனியார் கல்லூரிக் கட்டணம் எல்லாருக்கும் ஏலாது. எங்களுக்கும் ஏலாது. அம்மாவின் காப்பு இரண்டும் இன்னும் அடகில்தான் இருக்கின்றன.

அம்மம்மாவை இழுத்தீர்களே, அதுதான் தாங்கவில்லை. என் அம்மம்மாவின் வீடு 83 ஜூலைக் கலவரத்தில் எரிந்தது. சாகும்வரை அவ அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்கப்போன நேரமெல்லாம் "பழசை விடுங்கோ அம்மா" என்ற புத்திமதிதான் கிடைத்தது. சொன்னவர்கள் எல்லாரும் அவவில் அன்பு வைத்தவர்கள். ஒருவருக்கும் கேட்கத் தெரியவில்லை. நானும் அப்போது சின்னப் பிள்ளை.

ஏ.எல்.இல் பயோ மூன்றுதரம் எழுதியும் மெடிசின் கிடைக்காதபோது அப்பா ஒரு வருடம் கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை. பிறகு யாராவது கேட்டால் "மகள் கம்பஸ் போறா" என்று மட்டும் சொல்லுவார், என்ன படிப்பு என்று சொல்ல மாட்டார். நான் அதைக் கேட்டுக்கொண்டே அறைக்குள் இருப்பேன். போன மாதம்தான் முதல்முறையாக பெரியப்பாவிடம் போனில், "சைக்காலஜி அண்ணை, ஓம், சைக்காலஜி" என்று சத்தமாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். எல்லாரும் கைதட்டினபோது அவருடைய கை மடியிலேயே இருந்தது. வீட்டுக்கு வரும்வரை 100 பஸ்ஸில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இன்றுவரை அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று காலை ஐந்து மணிக்கே எழும்பி, அம்மாவை எழுப்பாமல், வெள்ளைச் சேர்ட்டைத் தானே அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தவர் அவர்.