எதிர் ஃபிளாட்டுக்கு மூன்று வருடப் பூட்டு, எங்களுக்கு இரண்டு மாத நோட்டீஸ்

நேற்று சாயங்காலம் ஹவுஸ் ஓனரிடமிருந்து போன். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பையன் ஃபாரின்ல இருந்து வர்றான். ரெண்டு மாசத்துல வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க." அவ்வளவுதான் பேச்சு. நான்கு வருடம் குடியிருந்த வீடு ஒன்றரை நிமிடத்தில் இல்லை என்றாகிவிட்டது.

சென்னைக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது, இது ஐந்தாவது வீடு. விருகம்பாக்கத்தில் ஒருவர் மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லிக் காலி செய்யச் சொன்னார். நாங்கள் போன அடுத்த வாரமே அதே கேட்டில் டூலெட் போர்டு தொங்கியது, வாடகை 4,000 ரூபாய் கூட. இந்த முறையும் அப்படித்தானா என்று தெரியாது. உண்மையாகவே பையன் வரலாம். வந்தால் நன்றாக இருக்கட்டும். என் ஆத்திரம் அவர் மேல் அல்ல.

போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். எதிரே இருக்கும் ஃபிளாட்டில் மூன்று வருடமாகத் தொங்கும் அதே பூட்டு. கதவிடுக்கில் செருகிய பேங்க் கவர்கள் மஞ்சளாகிக் கிடக்கின்றன. ஓனர் பெங்களூரில் இருக்கிறார். சென்னையில் மட்டும் அவருக்கு நான்கு வீடு என்று வாட்ச்மேன் அண்ணன் சொல்வார். வாடகைக்கு விட மாட்டார். "குடி வச்சா தலைவலி, சும்மா கெடந்தாலும் ரேட் ஏறிட்டுதானே இருக்கு" என்று ஒருமுறை அசோசியேஷன் மீட்டிங்கில் அவரே சொன்னதை என் காதால் கேட்டேன். எங்கள் பிளாக்கில் 24 வீடு. அதில் ஐந்து இப்படிப் பூட்டிக் கிடக்கிறது. ஐந்து குடும்பம் வாழக்கூடிய இடத்தில் கரப்பான் பூச்சி குடியிருக்கிறது. நான் பிள்ளையின் அரையாண்டுப் பரீட்சை நேரத்தில் மடிப்பாக்கத்துக்கும் நங்கநல்லூருக்கும் வீடு தேடி அலையப் போகிறேன்.

நகரத்தில் வீட்டுப் பற்றாக்குறை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2012-இல் மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு, இந்திய நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது. அதற்கு ஒரு வருடம் முன்பு எடுத்த மக்கள்தொகைக் கணக்கு, அதே நகரங்களில் 1.11 கோடி வீடுகள் காலியாக இருக்கின்றன என்றது. 2017-18 பொருளாதார ஆய்வறிக்கையிலும் இந்தக் காலி வீட்டுக் கணக்கு வந்தது. நகரத்து வீடுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு. எல்லாமே இப்போதே குடிபோகக்கூடிய வீடு என்று நான் சொல்லவில்லை. பாதி இடிந்தவை இருக்கும், பாதை இல்லாதவை இருக்கும். ஆனாலும் கோடிக்கு மேல்! 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் இப்போது 2027 என்கிறார்கள். இடைப்பட்ட வருடங்களில் எத்தனை அடுக்குமாடி எழும்பியது, எத்தனை கதவு திறக்கப்படவே இல்லை என்று எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. எண்ண முடியாததும் அல்ல. ஈ.பி. ரீடிங் எடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருகிறார். மீட்டர் வருடக்கணக்கில் நகராத வீடு எது என்று அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் பார்க்க வேண்டாம்.

வீட்டைப் பூட்டி வைப்பவருக்கு இந்த நாட்டின் வரிச் சட்டம் என்ன செய்கிறது தெரியுமா? சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை வருமானம் எதுவும் இல்லை என்று கணக்கு வைப்பது வருமான வரியில் பழைய வழக்கம். அது நியாயம், யாரும் குறை சொல்லப்போவதில்லை. 2019 இடைக்கால பட்ஜெட்டில் அந்தச் சலுகையை இரண்டாவது வீட்டுக்கும் நீட்டினார்கள். 2025 பட்ஜெட்டில், இரண்டு வீட்டிலும் குடியிருக்கிறீர்களா, இல்லையென்றால் ஏன் இல்லை என்ற கேள்வியையே எடுத்துவிட்டார்கள். எந்தக் காரணத்துக்காகப் பூட்டி வைத்திருந்தாலும் சரி, இரண்டாவது வீட்டின் வாடகை மதிப்பு வரிக் கணக்கில் பூஜ்யம். மூன்றாவது வீட்டிலிருந்துதான் "வாடகைக்கு விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ" என்று கணக்கிட்டு வரி கட்ட வேண்டும். அதையும் அவர்களே முன்வந்து சொல்ல வேண்டும்.

என் பக்கம் பாருங்கள். கட்டும் வாடகைக்கு ஹெச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) வரி விலக்கு ஒன்று இருந்தது. 2023-24-இலிருந்து புதிய வரிமுறைதான் தானாக வந்து உட்காருகிறது, அதில் ஹெச்.ஆர்.ஏ. விலக்கு கிடையாது. 12 லட்சம் வரை வரியே இல்லையே என்பார்கள். அது வீடு இருப்பவருக்கும் உண்டு, இல்லாதவருக்கும் உண்டு. வாடகை கட்டுகிறவர் என்பதற்காக இருந்த கவனிப்பு புதிய முறையில் போய்விட்டது. இரண்டாவது வீட்டைப் பூட்டி வைத்திருப்பவருக்கான கவனிப்பு பத்திரமாக இருக்கிறது.

இதற்கு முன்பு, சேர்த்து வைத்த சொத்தின் மதிப்புக்குச் செல்வ வரி என்று ஒன்று இருந்தது. 1957-இல் வந்தது. 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி எடுத்தார். வசூலே ஆயிரம் கோடி ரூபாய்தான், அதை வாங்கும் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். வசூல் சரியில்லை என்றால் வசூலைச் சரி செய்ய வேண்டாமா? பெரிய வருமானக்காரர்களுக்கு வருமான வரியோடு கூடுதலாக 2% சர்சார்ஜ் என்ற துணை வரி போட்டார்கள், உண்மைதான். ஆனால் அது வருமானத்தின் மேல். வருமானமே காட்டாமல் சும்மா படுத்துக்கொண்டு விலை ஏறும் ஃபிளாட்டை அது தொடாது. செத்தவர் விட்டுப்போகும் சொத்துக்கு இருந்த எஸ்டேட் டியூட்டி 1985-லேயே போய்விட்டது. ஒரு வீட்டை விற்று வந்த லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் 10 கோடி ரூபாய் லாபம் வரை வரி இல்லை. அந்த 10 கோடி உச்சவரம்புகூட 2023 பட்ஜெட்டில்தான் வந்தது. அதற்கு முன் வரம்பே கிடையாது!

பத்திரப் பதிவுக்கு வாருங்கள். பொதுவாக முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. இருபது வருடம் சீட்டுக் கட்டி, நகையை விற்று, முதல் வீடு வாங்கும் ஆளுக்கும் இதுதான். ஏழாவது ஃபிளாட் வாங்குகிறவருக்கும் இதுதான். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1% குறைத்தார்கள், 2025-இல். நல்ல எண்ணம்தான். ஆனால் சென்னையில் 10 லட்சத்துக்கு எங்கே வீடு இருக்கிறது? நம் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கும் சிங்கப்பூரில், அந்நாட்டுக் குடிமகனே இரண்டாவது வீடு வாங்கினால் 20% கூடுதல் தீர்வை, மூன்றாவதுக்கு 30%. 2023 ஏப்ரலில் ஏற்றினார்கள். அங்கே வீடு வாங்கி விற்பவர்கள் யாரும் கம்யூனிஸ்ட் ஆகிவிடவில்லை.

சொத்து வரி ஏறினால் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவித்துப் பார்த்திருக்கிறேன். சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதிக்கு 1998-க்குப் பிறகு 2022-இல்தான் வரியைப் பொதுவாகத் திருத்தினார்கள். 600 சதுர அடி வரை 50% உயர்வு, 1,200 வரை 75%, 1,800 வரை 100%, அதற்கு மேல் 150%. பெரிய வீட்டுக்கு அதிகம் என்ற அந்த முறையை நான் வரவேற்கிறேன். எங்கள் ஓனருக்கு ஆன்லைன் பழக்கம் இல்லை. "நீயே கட்டிடும்மா, ஜிபே பண்ணிடறேன்" என்று பில் நம்பர் கொடுத்தார். 900 சதுர அடி வீடு. அரையாண்டுக்கு 1,800 ரூபாயாக இருந்தது 3,150 ஆகியிருந்தது. கூடுதல் 1,350. மாதக் கணக்கில் 225 ரூபாய். அடுத்த மாதம் வாடகையை 3,000 ஏற்றினார். காரணம் கேட்டதற்கு, "கார்ப்பரேஷன் வரிய ஏத்திட்டான்லம்மா" என்றார். ரசீது என் போனில் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் வீடு போய்விடும்.

போன மாதம் ஒரு வளைகாப்பில், பூட்டிய வீட்டுக்கு வரி போட வேண்டும் என்று பேசப்போய் சித்தப்பாவோடு பெரிய வாக்குவாதமாகிவிட்டது. "வரி போட்டா அதை வாடகையிலதானே ஏத்துவான்? உன் தலையிலதான் விடியும்" என்றார். மேலே சொன்ன கதையே அவருக்குச் சாட்சி மாதிரித் தெரியும். ஆனால் சித்தப்பா, பூட்டிய வீட்டில் வாடகைக்காரர் யார் இருக்கிறார், அவர் தலையில் ஏற்ற? பூட்டி வைப்பதற்கென்று ஒரு வரி போட்டால், அதிலிருந்து தப்பிக்க ஒரே வழி குடி வைப்பதுதான். நாலு வீடு வாடகைக்கு வந்தால் என் ஓனர் 3,000 ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார். கனடாவின் வான்கூவர் நகரத்தில் 2017-இலிருந்து இதைத்தான் செய்கிறார்கள். வீட்டில் ஆள் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஓனரும் வருடா வருடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் காலி வீடு என்றே கணக்கு. முதலில் வீட்டு மதிப்பில் 1%, 2021-இலிருந்து 3%.

"கஷ்டப்பட்டுச் சம்பாதிச்சு வாங்கினவன் என்ன வேணா செய்வான்" என்பது அவருடைய அடுத்த வாதம். மெட்ரோ ரயில் வந்ததால் இரண்டு மடங்கான நிலத்தின் விலையில் எந்தக் கஷ்டம் இருக்கிறது? ரயில் எல்லார் வரியிலும் வந்தது. ரோடும் குடிநீர்க் குழாயும் பக்கத்து ஸ்கூலும் அப்படித்தான். கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் நானும் ஜி.எஸ்.டி. கட்டுகிறேன். விலை ஏறியது முழுக்க அவருக்கு, வாடகை ஏறியது முழுக்க எனக்கு.

குடி வைத்தால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயம் உண்டு. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. 1960 வாடகைச் சட்டத்தில் வழக்கு என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும். ஓனர்கள் பட்ட பாட்டை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் 2017-இல் புதிய சட்டம் வந்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், காலம் முடிந்தால் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். அதே சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் சொல்கிறது. சொல்லிவிட்டு, "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னை முழுக்க அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. பத்து மாத அட்வான்ஸ். எனக்கு 22,000 வாடகை, 2,20,000 அவரிடம் கிடக்கிறது. பேங்கில் 7% வட்டிக்குப் போட்டிருந்தாலும் வருடத்துக்கு 15,000-க்கு மேல் வந்திருக்கும். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார். அது வருவதற்கு முன் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், புரோக்கருக்கு ஒரு மாதம். என் வளையல் மறுபடியும் அடகுக் கடைக்குப் போகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கீழே குடியிருந்துகொண்டு மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் மாத்திரை வாங்கும் பாட்டிகள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நான் முதலில் குடியிருந்ததே அப்படி ஒரு அம்மா வீட்டில்தான். பிரசவம் முடிந்து வந்தபோது பத்தியச் சமையல் செய்து போட்டவர். அவர் மேல் ஒரு பைசா வரி ஏறக்கூடாது. நான் கேட்பது மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வீட்டைப் பற்றி. அதிலும் பூட்டிய வீட்டைப் பற்றி.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா முன்பு சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஒரே இடத்தில் 20,000-க்கும் மேல் வீடுகள், மாடி மாடியாக. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்று எழுதி வைத்தார்கள். ஆரம்ப வருடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே தள்ளினார்கள். அக்கா விடிகாலையில் பஸ் ஏறி, மாறி, எங்கள் தெருவுக்கு வந்து பாத்திரம் தேய்க்கிறார். ஊருக்குள் இடமில்லை என்று சொல்லித்தான் அவரை அனுப்பினார்கள். எதிர் ஃபிளாட்டைக் கூட்டுவதற்கு அந்த ஓனர் வருடத்துக்கு ஒருமுறை சாவி அனுப்புவார். அதையும் அக்காதான் கூட்டுகிறார். "மூணு ரூம்மா, ஜன்னலத் தொறந்தா என்னா காத்து" என்பார்.

இன்று காலை ஒரு வீட்டுக்கு போன் போட்டேன். வாடகை சொல்வதற்கு முன்பே "நான்-வெஜ் சமைப்பீங்களா?" என்றார்கள். அடுத்து, "நீங்க என்ன ஆளுங்க?" பதின்மூன்று வருடமாக எத்தனை வாசலில் இந்தக் கேள்வி! நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். புரோக்கர் நாளைக்குப் பத்து மணிக்கு நங்கநல்லூர் வரச் சொல்லியிருக்கிறார், இரண்டு வீடு காட்டுகிறாராம். வீடு காட்ட 500 ரூபாய், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். என் கணவருக்கு லீவு கிடைக்காது, நான்தான் போக வேண்டும்.