ஆபரேஷன் என்றால் அந்த ஆபரேஷன்தான்

"ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்று பிரசவ வார்டில் ஒரு பெண்ணிடம் கேட்டால், எந்த ஆபரேஷன் என்று நம்மூரில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அமெரிக்காவின் கீழ் உள்ள கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவிலும் அப்படித்தான். அங்கே ஸ்பானிஷ் மொழியில் 'லா ஓப்பராசியோன்', அதாவது 'அந்த ஆபரேஷன்', என்றாலே கருத்தடை ஆபரேஷன். 1965இல் நடந்த ஒரு கணக்கெடுப்பின்படி, 20 முதல் 49 வயதுவரையான தாய்மார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது நடந்திருந்தது. அவ்வளவு பேருக்கு நடந்தபின் தனிப்பெயர் எதற்கு?

அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த வெற்றி என்றுகூட ஒரு கட்டுரை எழுதிவிடலாம். இனி பிள்ளை பிறக்காது என்று புரிந்துதான் அவர்கள் கையெழுத்துப் போட்டார்களா என்பது எண்ணில் தெரியாது. போய்க் கேட்டால்தான் தெரியும். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் ஹெலன் ரோட்ரிகெஸ்-ட்ரியாஸ்.

இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், "இது ஆராய்ச்சியா, சமூக சேவையா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றைக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது, கொஞ்சம் தாமதமாக.

ஹெலன் 1929இல் நியூயார்க்கில் பிறந்தவர். குழந்தை மருத்துவர், பேராசிரியர். புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவானின் பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்தத் தீவின் முதல் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மையத்தைத் தொடங்கினார். மூன்றே வருடத்தில் அங்கே சிசு மரணம் பாதியாகக் குறைந்தது. அதோடு நின்றிருந்தாலும் பெரிய பெயர்தான். ஆனால் 1970இல் நியூயார்க் திரும்பி, புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் நிறைந்த தெற்கு பிராங்க்ஸில், லிங்கன் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். வகுப்பு எடுத்துக்கொண்டே, கட்டாயக் கருத்தடைக்கு எதிரான குழு ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும் ஆனார்.

குழு கேட்டது எளிய விஷயம். அவசரப்படுத்தாதே. அவளுக்குப் புரிகிற மொழியில் சொல். பிரசவ வலியில் துடிக்கும்போது பேப்பரை நீட்டாதே. கையெழுத்துக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே 30 நாள் விடு.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? டாக்டர்களிடமிருந்து மட்டுமல்ல, பெண்ணுரிமைக்காரர்களிடமிருந்தும் வந்தது. வசதியான வெள்ளைக்காரப் பெண்கள் கருத்தடை வேண்டும் என்று கேட்டபோது, "உனக்கென்ன வயசாச்சு, இன்னும் ரெண்டு பெத்துக்கோ" என்கிற மாதிரி டாக்டர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு இந்த 30 நாள் இன்னொரு முட்டுக்கட்டை. ஒரே ஆபரேஷன்தான். ஒருத்தி கேட்டும் கிடைக்கவில்லை, இன்னொருத்தி கேட்காமலே கிடைத்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. யாருடைய அனுபவத்தை 'பெண்களின் அனுபவம்' என்று எடுத்துக்கொள்கிறோம் என்பது எனக்கு ஆராய்ச்சிக் கேள்வியாகத்தான் படுகிறது. அந்தக் கேள்வி ஹெலனுக்கு நூலகத்தில் கிடைத்திருக்காது.

அமெரிக்க அரசின் பணத்தில் நடக்கும் கருத்தடைகளுக்கு 1978இல் விதிகள் வந்தன. 30 நாள் இடைவெளி, புரியும் மொழி, குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது எல்லாமே அதில் இருந்தன. பின்னாளில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் தலைவரான முதல் லத்தீனாவும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்) ஹெலன்தான். 2001இல் அதிபரின் பதக்கமும் வந்தது, அதே வருட டிசம்பரில் காலமானார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அதே 30 நாள் விதியை இன்று டாக்டர்கள் பலர் குறை சொல்கிறார்கள். அரசு காப்பீட்டில் பிரசவம் பார்க்கும் ஏழைப் பெண், தானே விரும்பிக் கேட்டாலும், நாள் கணக்கு சரியாக வரவில்லை என்றால் கிடையாது. தனியார் காப்பீடு உள்ளவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. குறை நியாயமானதுதான். விதியைத் தளர்த்தட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. தளர்த்துவதற்கு முன் அந்த வார்டுக்குள் போய், படுத்திருப்பவளிடம் அவள் மொழியில் ஒருமுறை கேட்டுவிட்டு வரட்டும்.