நடக்கிற கால் வேறு, நிற்கிற கால் வேறு

‘ஹேண்ட்ஸ் ஆன் எ ஹார்ட் பாடி’ (1997) என்ற ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு, நம்ம பொங்கல் விளையாட்டு விழாவிலும் இப்படி வண்டியைத் தொட்டபடி நிற்கிற போட்டி ஒன்று வைக்கலாமே என்று காரைக்குடிப் பக்கம் யாராவது யோசித்தால், இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

டெக்சாஸில் லாங்வியூ என்ற ஊர். 1995-ல் ஒரு புது நிசான் பிக்கப் வண்டியைச் சுற்றி 24 பேர். வண்டி மேல் வைத்த கையை எடுக்கக் கூடாது, சாயக் கூடாது, குந்தக் கூடாது. மணிக்கு 5 நிமிடம் இடைவேளை, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம். கடைசியாக நிற்பவருக்கு வண்டி. முடிய 77 மணி நேரம் ஆனது. படம் அருமை, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. எல்லாரும் சாதாரண ஜனம், வண்டி கிடைத்தால் குடும்பம் கொஞ்சம் நிமிரும்.

“பழனிக்கு நடக்கிற ஊருய்யா இது, எங்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?” என்பீர்கள். அங்கேதான் கணக்கு தப்பு. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று நடக்கிறவருக்கு ஒவ்வொரு எட்டிலும் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. அவருக்குப் பிரச்சினை தோல்தான்: தார்ச் சூடு, கொப்புளம். அதற்குத்தான் விடியுமுன்னே கிளம்புவதும், ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேலேயே நடப்பதும். ராத்திரி எங்கேயாவது படுத்தும் விடுகிறார். அசையாமல் நிற்பவருக்கு அந்தத் தசை வேலை செய்யாது. ரத்தம் காலில் தேங்கும், பாதம் வீங்கும், ஷூ இறுகும். முட்டியை விறைப்பாக வைத்தால் தலை சுற்றி அப்படியே விழுவார்.

அதனால் ஷூ அரை சைஸ் பெரிதாக வேண்டும், முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். 5 நிமிட இடைவேளையில் கண்ணை மூடாதீர்கள், எழும்போது தலை கிறுகிறுக்கும். மல்லாந்து படுத்துக் காலை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். உப்புப் போட்ட மோர், கஞ்சி, வாழைப்பழம் போதும். வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் உடம்பில் உப்பு இறங்கிவிடும். காபியை முதல் நாளே தீர்க்காதீர்கள், இரண்டாம் ராத்திரிக்கு வையுங்கள்.

அந்த இரண்டாம் ராத்திரி 3 மணியிலிருந்து 5 மணிவரைதான் ஆள் விழுகிற நேரம். கண் திறந்தபடியே சில விநாடி தூங்கிப்போவார், கை தானாக நழுவும், எடுத்ததே அவருக்குத் தெரியாது. சண்டை வருவது இங்கேதான். நடுவர்களும் ஷிப்ட் முறையில் மாற வேண்டும், இல்லையென்றால் அவர்களும் தூங்குவார்கள்.

2005-ல் லாங்வியூ போட்டியிலிருந்து பாதியில் வெளியேறிய ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதோடு போட்டியே நின்றுபோனது. முடிவு நேரம் குறிக்காத போட்டியை நான் ஆதரிக்க மாட்டேன். பகலில் 12 மணி நேரம், நிழல், பக்கத்தில் ஆம்புலன்ஸ். அப்போதும் நாலு பேர் மிஞ்சினால் குலுக்கல் போடுங்கள்.

இல்லை, ராத்திரியும் நடத்தியே தீருவோம் என்றால், ஜெயித்தவர் கையில் அன்றைக்கே சாவியைக் கொடுக்காதீர்கள். 24 மணி நேரம் தூங்காதவர் வண்டி ஓட்டுவதும் குடித்துவிட்டு ஓட்டுவதும் ஒன்றுதான்.