பூக்காரம்மாவுக்கு ஃபைன் போட்டாச்சு, பூமி பொழச்சிருச்சு

பிளாஸ்டிக் கவர் வச்சிருந்ததுக்காக ரோட்டோரப் பூக்காரம்மாவுக்கு ஒரு அதிகாரி ஃபைன் போடுற அந்த வீடியோவ இன்னும் எத்தனை பேருதான் எனக்கு அனுப்புவீங்க? பாத்துட்டேன்ங்க. பூக்கூடைக்குள்ள கைய விட்டு கவர் கட்ட உருவுறது, ரசீத கிழிச்சு கையில திணிக்கிறது, அந்தம்மா "சார் சார்"னு பின்னாடியே ஓடுறது, எல்லாம் பாத்தாச்சு. அதுக்குக் கீழ "சூப்பர் சார்", "இப்படித்தான் ஸ்ட்ரிக்ட்டா இருக்கணும்"னு கை தட்டிருக்கீங்களே, அதுல பாதிப் பேரு என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கீங்க. அதான் எழுதுறேன்.

முதல்லயே சொல்லிடறேன், பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்க வரல. 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல 14 வகைப் பொருளுக்குத் தடைன்னு வந்தப்ப சந்தோஷப்பட்டவ நான். மஞ்சப்பையும் தூக்கிட்டுத்தான் கடைக்குப் போறேன். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. அந்தக் கவர செஞ்சவன் எங்க? ஏதோ ஒரு மெஷின்ல ஓடி, மூட்டை கட்டி, லாரியில ஏறி, மொத்தக் கடையில இறங்கி, அங்கேருந்து சில்லறைக்கு வந்து, அப்புறம்தான் அந்தம்மா கூடைக்கு வந்திருக்கு. இத்தனை இடத்துலயும் யார் கண்ணுலயும் படாத கவரு, ரோட்டோரத்துல உக்காந்திருக்கிற பொம்பளை கைக்கு வந்ததும் மட்டும் எப்படிங்க கண்ணுல படுது?

"சட்டத்துல பெரிய ஆளுக்கும் ஃபைன் இருக்கே, சின்ன வியாபாரிக்கு வெறும் 100 ரூபாதானே"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இருக்கு சார். மொத்தமா பதுக்கி வச்சவனுக்கு முதல் தடவையே 25,000 ரூபான்னு பேப்பர்ல இருக்கு. அந்த 25,000 ரூபா ரசீத கிழிக்கிற வீடியோ ஒண்ணாவது உங்க குரூப்புக்கு வந்துச்சா? 100 ரூபாய "வெறும்"னு சொல்றவர்கிட்ட மேல என்ன பேசறதுன்னு தெரியல, விட்டுட்டேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னா, என் சித்தி மதுரையில பூதான் விக்கிறாங்க. விடியறதுக்கு முன்னாடி மாட்டுத்தாவணி மார்க்கெட்டு, உதிரிப் பூ வாங்கிட்டு வந்து வாழை நார்ல கட்டி, ஈரச் சாக்கப் போட்டு மூடி வச்சு ராத்திரி வரைக்கும் உக்காந்திருப்பாங்க. போக வர டவுன் பஸ்தான். வீட்டுல ஒரு ஃபேனு, ரெண்டு லைட்டு. இவங்க ஒரு வருஷம் முழுக்க விடற புகைய, நம்ம ஒரு டெல்லி ஃப்ளைட்ல போயிட்டு வந்தா தாண்டிருவோம்னுதான் நான் நினைக்கிறேன். தாமரை இலையிலதான் மடிச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க. "பேக் நனைஞ்சிரும்மா, கவர்ல போடுங்க"ன்னு கேட்டது யாரு? நம்மதான்.

இதே நேரத்துல எங்க ஆபீஸ்ல நடந்ததையும் சொல்றேன். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு எல்லாருக்கும் துணிப்பை குடுத்தாங்க. ஒவ்வொரு பையும் தனித்தனியா பாலிதீன் கவர்ல! அத குடுக்கிறதுக்குன்னே மும்பைல இருந்து ஒரு பெரியவர் ஃப்ளைட்ல வந்து, "சின்னச் சின்ன மாற்றம்தான் பெரிய மாற்றம்"னு பேசிட்டு, சாயங்காலமே ஃப்ளைட்ல கெளம்பிட்டார். போட்டோ எடுத்து லிங்க்ட்இன்ல போட்டாங்க, எக்கச்சக்க லைக்கு. யாரு போய் ரசீது கிழிக்கிறது?

சும்மா வயித்தெரிச்சல்ல பேசல. ஓஈசிடிங்கிற பணக்கார நாடுகளோட அமைப்பு போட்ட கணக்குப்படி, 2019ல உலகம் விட்ட பசுங்குடில் வாயுவுல, அதான் பூமிய சூடாக்கிற புகையில, 3.4 சதவீதம் பிளாஸ்டிக்கால வந்தது, அதுலயும் கிட்டத்தட்ட 90 சதவீதம் அத தயாரிக்கிற கட்டத்துலயே வந்துருது. எண்ணெயில இருந்தும் கேஸ்ல இருந்தும் செய்ற பொருளுங்க அது. அதாவது அந்தக் கவரு சித்தி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பூமிக்குப் பண்ண வேண்டிய சூட்டுல பெரும்பங்க பண்ணி முடிச்சிருது! அப்ப எங்க கை வைக்கணும்? தயாரிக்கிற இடத்துல. அதத்தான் ஐ.நா. நடத்துற உலக பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில கேட்டாங்க. உற்பத்திக்கு ஒரு வரம்பு வைங்கன்னு ஏகப்பட்ட நாடுங்க கேட்டும், 2024ல தென்கொரியாவோட பூசான்லயும் முடியல, 2025 ஆகஸ்ட்ல ஜெனீவாலயும் முடியல. எண்ணெய் விக்கிற நாடுங்க விடல. நம்ம நாடும் உற்பத்தியக் குறைக்கிற பேச்சே வேணாம்ங்கிற பக்கம்தான். அங்க வளையாத சட்டம் பூக்கூடைகிட்ட வந்து எப்படிக் குனிஞ்சு தேடுது பாருங்க.

"எல்லாத்துக்கும் கம்பெனியவே குறை சொன்னா தனிமனுசனுக்குப் பொறுப்பு இல்லையா"ன்னு அடுத்தவங்க வருவீங்க, தெரியும். இருக்கு. அளவு பாத்து வைங்கன்னுதான் சொல்றேன். உலகத்துல மேல்தட்டு 10 சதவீதம் பேருதான் கிட்டத்தட்ட பாதி கார்பனுக்குக் காரணம்னு ஆக்ஸ்ஃபாம்ங்கிற தொண்டு நிறுவனம் சொல்லுது. அந்தப் 10 சதவீதத்துல சித்தி கண்டிப்பா இல்ல, அவங்களுக்கு லெக்சர் எடுக்கிறவங்கள்ல சில பேரு இருக்கலாம். அப்புறம் இந்த கார்பன் ஃபுட்பிரிண்ட்னு, அதாவது கார்பன் காலடித்தடம்னு, அவனவன் விடற புகைய ஆளாளுக்குக் கணக்குப் போடுற பழக்கத்த 2000கள்ல விளம்பரம் பண்ணி ஊர் பூரா பரப்புனதே பிபிங்கிற எண்ணெய்க் கம்பெனிதான். கெட்டிக்காரனுங்க. நம்ம நம்ம காலடியையே பாத்துட்டு இருந்தா அவனோட எண்ணெய்க் கிணத்த யாரு பாப்பா?

எல்லாத்தையும் பொறுத்துக்கலாம், ஒரு கமெண்ட்தான் தூங்க விடல. "இவங்களுக்கெல்லாம் படிப்பு இல்ல, அவேர்னஸ் இல்ல, ஃபைன் போட்டாதான் புரியும்." எழுதினவர் எனக்கு நல்லாவே தெரிஞ்சவர், எங்க வீட்டுல சாப்பிட்டவர். அண்ணே, மழை காலம் தப்பிப் பெஞ்சு மொட்டெல்லாம் வீணாப்போற அன்னைக்கு மார்க்கெட்ல என்ன வெலை விக்கும், அதுல எத்தனை முழம் தேறும்னு சித்திகிட்ட வந்து கேளுங்க. க்ளைமேட் சேஞ்சுக்கு அவங்களுக்கு யாரும் ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டியதில்ல. அன்னன்னைக்கு அவங்க சுருக்குப்பையில தெரிஞ்சிரும்.

சித்தி இப்ப மறுபடி தாமரை இலைக்கு மாறிட்டாங்க, அந்த வீடியோ பயத்துல. இலைக்குத் தனியாக் காசு. அத முழத்துல ஏத்தினா வாங்க மாட்டேங்கிறாங்க. கார இஞ்சின ஆஃப் பண்ணாம, ஏசி வெளிய போகாத அளவுக்குக் கண்ணாடிய லேசா இறக்கி, "முழம் அம்பதா? முப்பதுக்குக் குடும்மா"ன்னு கேக்கிறாங்க. சரின்னு இலையில மடிச்சு நீட்டினா "அய்ய, சீட்டெல்லாம் ஈரமாயிரும், கவர் இல்லையா?" இல்லேன்னா அடுத்த கூடைக்குப் போயிடறாங்க. அந்த நேரத்துல சித்தி என்ன பண்ணணும்னு தெரிஞ்சவங்க மட்டும் கமெண்ட்ல சொல்லுங்க. அவேர்னஸ் கிளாஸ் எடுக்கிறவங்க தயவுசெஞ்சு இந்தப் பக்கம் வராதீங்க, பிளாக் பண்ணிருவேன்.