அந்த ஸ்கிரீன்ஷாட் பழைய பட்டியலிலிருந்து எடுத்தது

மேலே பகிரப்பட்டிருக்கும் செய்தி, திருநராக இருப்பதை உலக சுகாதார நிறுவனம் மனநோயாக வகைப்படுத்தியிருப்பதாகச் சொல்கிறது. ஆதாரமாக 'எஃப்64' என்ற குறியீடு உள்ள பக்கத்தின் படமும் இருக்கிறது. படம் போலி இல்லை. ஆனால் அது ஐசிடி-10, அதாவது 1990-இல் ஏற்கப்பட்ட நோய் வகைப்பாட்டுப் பட்டியல்.

அடுத்த பதிப்பான ஐசிடி-11-ஐ 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்த வகைப்பாடு மனநலக் கோளாறுகள் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டு, பாலியல் நலம் தொடர்பான 17-ஆம் அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது.

"நோய் இல்லையென்றால் பட்டியலில் ஏன் இருக்கிறது?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஹார்மோன் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ தேவைப்படுபவருக்கு மருத்துவமனையும் காப்பீடும் ஏதாவதொரு குறியீட்டைக் கேட்கும். முழுவதும் நீக்கினால் அந்த வழி அடைபட்டுவிடும் என்பதால்தான் இடம் மாற்றி வைத்தார்கள். இதே பட்டியலில் கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்கும்கூடத் தனி அத்தியாயம் உண்டு!

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், கட்டணம் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் தளத்தில் ஐசிடி-11 பட்டியலைத் திறந்து, இந்த வகைப்பாட்டின் புதிய குறியீடான 'எச்ஏ60' (HA60) என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். இடப்பக்கம் அது எந்த அத்தியாயத்தின்கீழ் விரிகிறது என்று பாருங்கள். விளக்கத்தின் கடைசி வரியையும் படித்துவிடுங்கள்: பாலின வழக்கத்திலிருந்து மாறுபட்ட நடத்தையோ விருப்பமோ மட்டுமே இந்தக் குறியீட்டைத் தரக் காரணமாகாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது.