லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

போன மாதம் அக்கா மகள் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "மாமா, ஆன் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள். கடையில் காட்டியிருக்கிறாள். ப்ராசஸர் பழசு, புதுசு வாங்கிக்கோங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் கடைசி வருடம், ப்ராஜெக்ட் நேரம். அப்பாவிடம் இன்னொரு செலவைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ப்ராசஸர் பெரிதாக எந்த வேலையும் செய்யவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்துகூடப் பார்க்காமல் ப்ராசஸர் மேல் பழி போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

லேப்டாப்பில் வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம், தகவலைப் படிக்கும் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கும் பத்து மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் துணுக்குகளை செகண்டுக்கு அறுபது, எழுபது தடவைதான் எடுக்க முடியும். விண்டோஸ் கிளம்பும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான துணுக்குகள்! ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஃபிளாஷ் சிப்பிலிருந்து ஒரு துணுக்கை எடுக்க அதற்கு 0.1 மில்லி செகண்ட் போதும்.

பெட்டி மேல் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். எஸ்எஸ்டியை லேப்டாப்போடு இணைக்கும் முறையில் சாட்டா பழையது, என்விஎம்இ புதியது. சாட்டா எஸ்எஸ்டி செகண்டுக்கு 550 எம்பி, என்விஎம்இ 3500, 7000 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும் வேகம் அது. வீடியோ எடிட் செய்பவர்களுக்கு உதவும். வேர்டு, பிரவுசர் என்று வேலை பார்ப்பவருக்கு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறினாலே மலையளவு வித்தியாசம் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் அவ்வளவாகத் தெரியாது. பழைய லேப்டாப்புக்கு 2.5 இஞ்ச் சாட்டா தாராளம். சின்னப் பட்டை போன்ற எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தால், அது சாட்டாவா என்விஎம்இயா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வடிவம் ஒன்றாக இருப்பதால் பலர் மாற்றி வாங்கிவிடுகிறார்கள்.

அப்புறம், இருப்பதிலேயே மலிவானதைத் தேடிப் போகாதீர்கள். ஒரே செல்லில் நான்கு பிட்டுகளை அடைக்கும் மலிவான க்யூஎல்சி வகையில், வேகமாக எழுத ஒதுக்கிய தற்காலிக இடமான கேஷ் நிரம்பிய பிறகு எழுதும் வேகம் சில சமயம் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே இறங்கிவிடும். டிஸ்க்கை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு வைப்பதும் நல்லது.

சரி, அவள் லேப்டாப்புக்கு வருகிறேன். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினேன். இப்போது இருபது செகண்டுக்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தேன், கெட்ட செக்டார், அதாவது படிக்க முடியாமல் பழுதான பகுதி, எதுவும் இல்லை. ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டேன். எஸ்எஸ்டி சில நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நாளில் போய்விடும். அழித்த ஃபைல்களின் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் ட்ரிம் கட்டளை ஓடிவிட்டால் அழித்த ஃபைலை மீட்பதும் ஏறக்குறைய முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ப்ராஜெக்ட் ஃபோல்டரை அந்தப் பழைய டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.