கார்பன் ஃபைபர் சுற்றினால் குழாய் புதிதாகிவிடாது

"துருப்பிடித்த எண்ணெய்க் குழாய்மேல் கார்பன் ஃபைபர் (கார்பன் இழை) துணியைச் சுற்றிவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே போக வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

வெளிப்பக்கம் அரித்திருந்தால் சரி. துருவைச் சுரண்டி, குழிகளைப் பட்டி வைத்து நிரப்பி, ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) நனைத்த அந்தத் துணியைச் சுற்றினால் அழுத்தத்தில் ஒரு பங்கை அது தாங்கும், ஈரமும் அண்டாது. வெல்டிங் தீப்பொறி கிடையாது, பெரும்பாலும் எண்ணெய் ஓட்டத்தை நிறுத்தவும் வேண்டாம். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் இதற்கு மவுசு அதனால்தான்.

அரிப்பு உள்ளே இருந்தால்? எண்ணெயோடு வரும் உப்புத்தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் உள்சுவரைத் தின்றுகொண்டேதான் இருக்கும். மேலே சுற்றியது அதைத் தடுக்காது. குழாய்ச் சுவரின் தடிமனை அவ்வப்போது அளந்து பார்த்தே ஆக வேண்டும். இதற்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 24817-ஏ 2 முதல் 20 ஆண்டு என்று ஆயுள் குறித்துத்தான் இந்தப் பழுதுபார்ப்பை வடிவமைக்கச் சொல்கிறது.

இன்னொன்று, கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும். ஈரத்தோடு இரும்பை நேராகத் தொட்டால் அரிப்பைக் கூட்டிவிடும். அதற்காகவே அடியில் கண்ணாடி இழை ஒரு சுற்று போடுவார்கள். அதைச் சொல்லாமல் "கார்பன்தான் பெஸ்ட்" என்பது விளம்பரப் பேச்சு.